குப்பைக் கட்டணம்: மலிவு யாருக்கு?

கழிவு அகற்றும் நிலையங்களின் கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், "சோலை வரி கட்டுகிறோமே, இன்னுமா?" என்றே நம்மவர் முதலில் கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. விலைவாசி ஏறிய நாட்டில், தெருவிளக்கு எரியாத ஒழுங்கையில் வசிப்பவர் இன்னொரு கட்டணத்தை வரவேற்க மாட்டார். ஆயினும் அக்கட்டணம் குறைவாக இருப்பதன் சுமையை யார் தாங்குகிறார் என்று நாம் கேட்பதில்லை.

வீட்டிலும் கடையிலும் சேரும் குப்பையை மாநகர சபையோ பிரதேச சபையோ அள்ளிச் செல்கிறது. நிலையத்தின் வாயிலில் லொறி நிறுக்கப்படுகிறது. தொன்னுக்கு இவ்வளவு என்று சபை செலுத்துகிறது. கொழும்புக்குத் தெற்கேயுள்ள சபைகள் பல கரதியான நிலையத்தை இவ்வாறே பயன்படுத்தி வந்துள்ளன. குப்பையிலிருந்து வடியும் கழிவுநீரைச் சுத்திகரிக்கவும், மண்ணிட்டு மூடவும், தீயையும் நாற்றத்தையும் அடக்கவும் அத்தொகை போதாதபோது அவ்வேலைகள் அரைகுறையாகின்றன. செலவு மறைந்துவிடுவதில்லை, அயலில் வாழ்பவரின் கிணற்றுக்கும் மூச்சுக்கும் இடம் மாறுகிறது.

கொழும்பு ஒரு காலம் புளூமெண்டாலில் கொட்டியது. பின்னர் மீத்தொட்டமுல்லவில் கொட்டியது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று, அம்மேடு சரிந்து வீடுகளை மூடியது. 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தலைநகரின் மலிவான குப்பைக்கு அவர்கள் கொடுத்த விலைக்கு எந்தச் சபையிடமும் பற்றுச்சீட்டு இல்லை.

அடுத்ததாகத் தெரிவு செய்யப்பட்ட இடம் புத்தளம் மாவட்டத்தின் அருவக்காடு. சீமெந்துக்காகச் சுண்ணக்கல் தோண்டப்பட்ட நிலம், கொழும்பிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவு. சீமெந்துத் தொழிற்சாலையின் தூசியையும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பலையும் ஏற்கெனவே சுமக்கும் பிரதேசம் அது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களுள் பெரும்பகுதியினர் தஞ்சமடைந்ததும் அங்கேதான். களப்பையும் உப்பளத்தையும் நம்பி வாழும் அம்மக்கள் 2018இல் தொடங்கி மாதக்கணக்கில் எதிர்த்து நின்றார்கள். எனினும் 2019இல் கொழும்பின் லொறிகள் அங்கே சென்றன. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். நம் பாதையிலிருந்து எடுத்துப் புத்தளத்தாரின் பாதையில் போடுவது எந்தக் கிளையைச் சேர்ந்தது?

ஆகவே கட்டணம் உயரத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் எப்படி உயர்த்துவது என்பதில்தான் நீதி இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை என்று விதித்தால் ஏழை வீட்டார் குப்பையைச் சாக்கில் கட்டி இரவில் கால்வாயில் எறிவார்கள்; வெள்ளமும் டெங்கும் திரும்பவும் அவர்களையே தேடி வரும். நிலையத்தின் வாயிற்கட்டணமோ தரம் பிரிக்காத குப்பைக்கு மட்டும் கடுமையாக உயரலாம். இந்நாட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவும் இலைதழையும்தான். அது உரமாக வேண்டியது. ஈரத்தோடு லொறியில் ஏற்றி, அந்த ஈரத்தின் நிறைக்கும் நாம் பணம் கட்டுகிறோம். தென்கொரியாவில் 1995 முதல் வீட்டார் குப்பைக்கென விற்கப்படும் பைகளை விலைகொடுத்து வாங்குகின்றனர். பிரித்துக் கொடுக்கும் மீள்சுழற்சிப் பொருளுக்குக் கட்டணமில்லை. கூடுதல் பணம் கேட்பதற்குமுன் இத்தகைய வழியொன்றைத் திறந்துவைப்பது சபைகளின் கடமை. உயர்த்திய பணம் சபையின் பொதுக் கணக்கில் கரையாமல் நிலையத்துக்கும் அயற்கிராமத்துக்குமே செல்ல வேண்டும். இது இல்லையென்றால் உயர்வை எதிர்ப்பவர்களோடு நானும் நிற்பேன்.

முதலில் கூடுதலாகக் கட்ட வேண்டியவர்கள் பெருமளவில் குப்பை சேர்ப்பவர்கள்: உணவகங்கள், பேரங்காடிகள், திருமண மண்டபங்கள். இப்பட்டியலில் நம் வலீமாக்களும் அடங்கும். ஸஹனில் பாதி சோறு மிஞ்சுவதைக் கண்ணியமென்று நினைக்கும் ஊரில், அந்தச் சோற்றை அள்ளும் செலவை மண்டபத்து வாடகையோடு சேர்த்து அறவிடுவதில் தவறில்லை. நோன்புக் கஞ்சிக்கு ஒருமுறை பாவிக்கும் கோப்பைகளை வாங்கிக் கொடுக்கும் தனவந்தர்கள், அவற்றை அகற்றும் செலவையும் தம் ஸதகாவோடு சேர்த்துக் கொடுக்கலாம். குர்பானிக் கழிவைப் புதைப்பதற்கு நிலமும் ஆளும் பெருநாளைக்கு முன்னரே ஒழுங்கு செய்யும் பள்ளிவாசல்கள் உள்ளன. அச்செலவைப் பங்குத்தொகையில் சேர்த்தபோது எவரும் முறைப்பட்டதாக நான் கேட்டதில்லை.