"பழைய இரும்பு" என்று சொன்ன மாப்பிள்ளைக்கு

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் தூங்கியது போல இங்கேயும் தூங்காமல் கடைசிவரை படியுங்கள்.

பொங்கலுக்கு வந்திருந்த என் தங்கை மகன், பீரோவில் பூட்டியிருந்த அப்பாவின் ரைபிளைப் பார்த்துவிட்டு, "இந்தப் பழைய இரும்பை இன்னுமா வச்சிருக்கீங்க மாமா?" என்று சிரித்தான். கையோடு செல்போனில் ஒரு வெளிநாட்டு ரைபிளின் வீடியோவைக் காட்டினான். விலை பல லட்சம். "வீட்ல இருந்தாலே கெத்து மாமா. உங்க லைசென்ஸை என் பேருக்கு மாத்திக் குடுங்க" என்றான். நல்ல நாள் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் குடும்பக் குரூப்பில் நாலு பேர் அவனுக்குக் கைதட்டியிருக்கிறீர்கள். இனியும் சும்மா இருந்தால் நான் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியதற்கு அர்த்தமில்லை.

அந்தப் பழைய இரும்பு, மேற்கு வங்காளம் இச்சாப்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த .315 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். முந்திரிக்காட்டுக் காவலுக்காக அப்பா லைசென்ஸ் எடுத்து வாங்கியது. ராணுவத் தோட்டாவான .303ஐப் பொதுமக்கள் வைத்திருக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட்டதால்தான் .315 நம் நாட்டில் பரவியது. தோட்டாதான் வேறு. உள்ளே இருக்கும் இயந்திரம், 1895இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட லீ-என்ஃபீல்டு வகை.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். சுடும்போது போல்ட்டைத் தாங்கும் முட்டுகள் இதில் பின்பக்கம் இருக்கின்றன. தோட்டா வெடிக்கும் அழுத்தத்தில் போல்ட் முழுவதும் துளி அமுங்கும். ஜெர்மனியின் 1898 மாவ்சரில் முட்டுகள் முன்னால், தோட்டாவுக்கு ஒட்டியே இருக்கும். அதனால் அசைவு குறைவு. இன்றைய துல்லிய ரைபிள்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. அடுத்தது மரக்கட்டை. சுடும்போது குழல் வீணைத் தந்தி போல அதிரும். ஐப்பசி மழையில் மரம் ஊறிக் குழலை அழுத்தினால், தந்தியில் விரல் வைத்த மாதிரி அதிர்வு மாறிவிடும், குண்டும் தள்ளிப் போகும். புது ரைபிள்களில் குழல் எதிலும் படாமல் தனியாக நிற்கிறது. இந்த இரண்டிலும் மாப்பிள்ளை கட்சிதான் ஜெயித்தது.

இப்போது நிறை. மாவ்சர் போல்ட்டை 90 டிகிரி திருப்ப வேண்டும். இதற்கு 60 போதும். சுத்தம் செய்ய, கருவி எதுவும் இல்லாமல் போல்ட்டைக் கையாலேயே கழற்றலாம். செம்மண் புழுதியிலும் சிக்காது.

சரி, துல்லியம் என்றால் எவ்வளவு? வீடியோவில் அடிக்கடி வந்த 'மினிட்' என்பது ஒரு டிகிரியில் 60இல் ஒரு பங்கு. 100 மீட்டர் தூரத்தில் அது சுமார் 2.9 செ.மீ., ஏறக்குறைய நம் பத்து ரூபாய் நாணயத்தின் அகலம். அந்த நாணயத்துக்குள் சுடுவேன் என்கிறது பல லட்ச ரைபிள். என் ரைபிள், ரைபிள் கிளப்பில் 100 மீட்டரில் ஐந்து குண்டையும் உள்ளங்கை அகலத்துக்குள் போட்டது. அதிலும் பாதித் தவறு என் மூச்சுடையது, ரைபிளுடையது இல்லை. மூச்சை அடக்கவும், விசையை இழுக்காமல் மெல்ல அழுத்தவும் தெரியாதவன் கையில் எந்த ரைபிளும் உள்ளங்கையை விட்டு வெளியேதான் போடும்.

விலை கொடுக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினாரே கோலாப்பூர் ஸ்வப்னில் குசாலே, அவர் அடிக்க வேண்டிய பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அவருக்கு உயர்ந்த ரைபிள் தேவை. எல்லையில் நிற்கும் சிப்பாய்க்குத் தேவை. பெங்களூரு எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ் செய்யும் 'சேபர்' அவர்களுக்காகத்தான். ஸ்டேட்டஸ் போடுகிறவனுக்கு எதற்கு?

காவலுக்கு என்பீர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அனுமதியில்லாமல் காட்டுப்பன்றியைச் சுட முடியாது. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். 2019 திருத்தத்தின்படி கல்யாண வீட்டில் கெத்துக்கு அஜாக்கிரதையாகச் சுட்டால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தக் கெத்துக்கு அரசாங்கமே விலை போட்டு வைத்திருக்கிறது.

என் மதிப்பீடு இதுதான்: தேவையும் பயிற்சியும் உள்ளவன் கையில் என் பழைய இரும்புக்கு இன்னும் மதிப்பு உண்டு. இரண்டும் இல்லாதவன் வீட்டில் பல லட்ச ரைபிளுக்கும் மதிப்பு பூஜ்யம், ஆபத்து மட்டும் முழுசு. குழந்தைகள் ஓடியாடும் வீடு அது என்பதைக் கைதட்டியவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

அதனால் மாப்ள, லைசென்ஸ் உன் பேருக்கு வராது. இந்த வருஷமே மனு எழுதி ரைபிளை முறையாக ஒப்படைக்கப் போகிறேன். அப்பாவின் பொருளைக் கொடுக்க மனசு கனக்கிறது. கொடுத்தே ஆக வேண்டும். உனக்கு உண்மையிலேயே சுட ஆசை என்றால், கிளப்பில் சேர்ந்து ஒரு வருஷம் ஏர் ரைபிள் பழகு. முதல் வருஷச் சந்தா மாமா கட்டுகிறேன்.

மறுத்துப் பேசுகிறவர்கள் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் வழக்கம் போலத் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்,
கங்கைகொண்ட சோழபுரம்.