ஒரு சான்று போதுமா?

வயலுக்கு வரப்பு உண்டு. நாட்டிற்கு எல்லை உண்டு. நாம் வாழும் புவிக்கும் விண்வெளியில் ஓர் எல்லை உண்டு. கதிரவனிடமிருந்து மின்துகள்கள் நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் விரைவில் இடையறாது வீசுகின்றன. இதனைச் சூரியக் காற்று என்பர். புவியின் காந்தப்புலம் அக்காற்றை எதிர்நின்று தடுக்கும் இடமே அவ்வெல்லையாகும். கதிரவனை நோக்கிய பக்கத்தில் அது புவியின் நடுவிலிருந்து ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

இவ்வெல்லை வரப்பைப்போல் ஓரிடத்தில் நில்லாது. காற்று வலுத்தால் உள்ளே ஒடுங்கும். மெலிந்தால் வெளியே விரியும். 1961ஆம் ஆண்டில் செலுத்தப்பெற்ற எக்ஸ்புளோரர் 12 என்னும் அமெரிக்க விண்கலம் இதனைப் பலமுறை கடந்து அளந்து காட்டியது. ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது. கதவடைத்த வீட்டினுள் இருப்பவன் தெருவிற் செல்லும் ஊர்வலத்தின் ஆரவாரத்தைக் கால்மணி நேரம் கேட்கின்றான். நெடிய ஊர்வலம் விரைந்து சென்றதா? குறியது மெல்ல ஊர்ந்ததா? தெருக்கோடி வீட்டினனும் தான் கேட்ட நேரத்தைக் கூறினாலன்றோ அது விளங்கும்? தனிக் கலத்தின் நிலையும் இதுவே. எல்லை தடித்ததா, விரைந்ததா என்பதை அஃது அறியாது.

1977ஆம் ஆண்டில் இரு கலங்கள் இணைந்து சென்று இவ்வையத்தை ஓரளவு நீக்கின. ஆனால் மூன்று புள்ளிகளும் ஒரு தளத்திலேயே அடங்கும். அத்தளத்திற்கு அப்பால் நான்காவதும் இருந்தாலன்றி எல்லையின் சாய்வும் அது நகரும் திசையும் முழுதும் புலப்படா. ஆதலின் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் கிளஸ்டர் என்னும் பெயரில் நான்கு கலங்களை அமைத்தது. அந்தோ! 1996 ஜூன் 4ஆம் நாள், அவற்றை ஏந்திய ஏரியன் 5 ஏவூர்தி புறப்பட்ட ஒரு நிமிடத்திற்குள் வெடித்துச் சிதறியது. நான்கும் அழிந்தன.

எஞ்சிய உறுப்புகளைக் கொண்டு ஒரே கலம் செய்வதென முதலில் முடிவாயிற்று. செலவை எண்ணுவோர்க்கு அது தக்கதாகவே தோன்றும். மக்கள் பணத்தைக் காப்பதும் கடமையன்றோ? ஆயினும் அது சிக்கனமன்று என்பதே என் கருத்து. நால்வர் கூடித் தூக்கவேண்டிய பாரத்திற்கு ஒருவனை அனுப்பிக் கூலி மிச்சம் என்றால், பாரம் நகருமோ? கூலியும் வீணே. அறிஞர் இதனை வற்புறுத்தினர். 1997ஆம் ஆண்டில் நான்கையும் மீண்டும் அமைக்க முடிவு செய்யப்பட்டது. 2000 ஜூலை, ஆகஸ்ட்டுத் திங்கள்களில் அவை இரண்டிரண்டாக விண்ணேறின. 2024 வரை பணியாற்றின.

பயன் யாது? 2001 நவம்பரில் எல்லையின் பக்கவாட்டில் பெருஞ்சுழல்கள் உருளுவதையும், அவற்றின் வழியே சூரியக் காற்றின் துகள்கள் உட்புகுவதையும் நான்கும் கூடிக் காட்டின. ஒரு கலத்திற்கு அச்சுழல்கள் வெறும் ஏற்ற இறக்கமாகவே தோன்றியிருக்கும். 2015 மார்ச்சில் அமெரிக்காவும் இவ்வெல்லையை ஆராய நான்கு கலங்களையே அனுப்பியமை காண்க.

மாணவர்களே! ஒரு பொருளை அறிய எத்தனை கண்கள் வேண்டுமோ அத்தனையும் தருவதே உண்மையான சிக்கனம். அதனிற் குறைத்தால் நாம் விலை கொடுத்துப் பெறுவது ஐயமே, அறிவன்று.