குட்டி யானை புதுசு, பாரம் பழசு



என் தம்பி மகன் புது டாடா ஏஸ் புரோ வாங்கி இருபது நாள் ஆகிறது. நம் ஊர்ப் பேச்சில் குட்டி யானை. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போகிறான். பழைய குட்டி யானை 2009-இல் வாங்கியது. இரண்டிலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

முதல் வித்தியாசம் சத்தம். பழையது டீசல். தெருமுனையில் வரும்போதே சத்தம் கேட்டு என் மனைவி கேட்டைத் திறந்துவிடுவாள். புதியது பெட்ரோல். வாசலில் வந்து ஹாரன் அடித்தால்தான் தெரிகிறது. பழையதில் போய்வந்தால் இரவு வரை காதுக்குள் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது வண்டிக்குள் இருவரும் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு போகிறோம்.

அடுத்தது இழுவை. 2005-இல் ஏஸ் முதன்முதலில் வந்தபோது 702 சிசி, 16 குதிரைத்திறன். இதில் 694 சிசி, 30 குதிரைத்திறன். மேட்டில் ஏறும்போது முனகல் இல்லை. குறை என்றால் பின்தொட்டி. முன்பு ஏழு அடிக்குச் சற்று மேல் இருந்தது, இப்போது ஆறரை அடி.

இத்தனையும் பார்த்துவிட்டுத் தம்பி மகன் சொன்னான்: "பெரியப்பா, இது இழுக்கிற இழுப்புக்கு நூறு பெட்டி ஏத்தலாம் போலிருக்கே!"

அங்கேதான் எனக்குப் பகீர் என்றது. கணக்கு வாத்தியார் அல்லவா, கணக்காகவே சொல்கிறேன். இந்த வண்டிக்கு அனுமதித்த பாரம் 750 கிலோ. தக்காளி ஒரு பெட்டி, பெட்டியின் எடையோடு 15 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 750-ஐ 15-ஆல் வகுத்தால் 50 பெட்டி. நூறு பெட்டி என்றால் 1,500 கிலோ. சரியாக இரண்டு மடங்கு.

குதிரைத்திறன் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது என்பதற்காகப் பாரமும் இரண்டு மடங்காகாது. இழுப்பது இன்ஜின். தாங்குவது டயரும் அச்சும். நிறுத்துவது பிரேக். இழுக்க முடிகிற பாரத்தையெல்லாம் நிறுத்தவும் முடியும் என்று நினைப்பது தப்புக் கணக்கு.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் பழைய வண்டியில் 90 பெட்டி ஏற்றினோம். நானும் உடன் இருந்தேன். வளைவில் பின் டயர் வெடித்து, வண்டி பக்கத்துக் காட்டுக்குள் சாய்ந்தது. அவனுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. எனக்குச் சிராய்ப்போடு போயிற்று. வண்டி மீது குற்றமில்லை. ஆயிரம் பிள்ளைகளுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்தவன், அன்று 90-ஐ 15-ஆல் பெருக்கிப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தேன். அந்த உறுத்தல் இன்றும் இருக்கிறது.

ஓட்டுநரை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். வாடகை பெட்டிக்கு இவ்வளவு என்று பேசுகிறோம். தவணை கட்ட வேண்டியவன் பெட்டியைக் கூட்டத்தான் பார்ப்பான். விவசாயிகளும் வியாபாரிகளுமாக இருக்கும் என் மாணவர்களே, வாடகையை நடைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். பெட்டிக்குச் சில ரூபாய் கூடும், உண்மைதான். ஆனால் 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதமே 20,000 ரூபாயில்தான் தொடங்குகிறது. கை கால் போனால் அதற்கு விலையே இல்லை.

என் கருத்து இதுதான்: புது வண்டி நல்ல வண்டி. வசதியுள்ளவர்கள் தாராளமாக மாற்றலாம். ஆனால் பழைய பாரத்தைப் பழைய வண்டியோடு விட்டுவிட்டு வாருங்கள்.

தம்பி மகன் இப்போது 50 பெட்டியோடு இரண்டு நடை போகிறான். பெட்ரோல் செலவு கூடுகிறது என்று முணுமுணுக்கிறான். முணுமுணுக்கட்டும். இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டுதானே முணுமுணுக்கிறான்!

வாழ்க வளமுடன்.