வித்தா எவ்வளவு கிடைக்கும்?

நாணயம் சேர்க்கிறேன் என்று யாரிடமாவது சொன்னால் முதலில் வரும் கேள்வி இதுதான். இரண்டாவது கேள்வியும் பெரும்பாலும் இதுதான், கொஞ்சம் தாழ்ந்த குரலில்: "எங்க வீட்லயும் பழைய காசு கொஞ்சம் கிடக்கு... எவ்வளவு போகும்?"

தப்பே இல்லை. நானும் பி.காம். மாணவன்தான். எதைப் பார்த்தாலும் விலை கேட்பது எங்கள் குலத்தொழில். ஆனால் இந்த ஒரு கேள்வியை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் இந்தப் பொழுதுபோக்கின் சுவை போய்விடும். சில சமயம் கையில் இருக்கும் பணமும் போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ராஜாக்களின் பொழுதுபோக்கு

நாணயம் சேர்ப்பதை ராஜாக்களின் பொழுதுபோக்கு என்பார்கள். சும்மா சொல்லவில்லை. ரோமப் பேரரசர் அகஸ்டஸ், பண்டிகை நாட்களில் பழைய அரசர்களின் நாணயங்களையும் அயல்நாட்டு நாணயங்களையும் பரிசாகக் கொடுப்பாராம். அவருடைய வாழ்க்கையை எழுதிய சூட்டோனியஸ் இதைக் குறிப்பிடுகிறார். அதாவது இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே "பழைய காசு" என்பது செலவுக்கு மட்டுமல்ல, பார்த்து ரசிக்கவும்தான் என்று தெரிந்திருக்கிறது.

14-ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் பழைய ரோமானிய நாணயங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். பேரரசர் நான்காம் சார்லஸைச் சந்தித்தபோது அதில் சிலவற்றைக் கொடுத்து, "இதில் இருப்பவர்களைப் போல நடந்துகொள்ளுங்கள்" என்கிற மாதிரி அறிவுரையும் சொன்னார். ஒரு கவிஞர் பேரரசருக்குக் காசு கொடுத்து புத்தியும் சொல்கிறார் பாருங்கள். வழக்கமாக இது நேர்மாறாக அல்லவா நடக்கும்!

கவனித்தீர்களா? இவர்கள் யாரும் "வித்தா எவ்வளவு" என்று கேட்கவில்லை. "இதில் இருப்பது யார்?" என்றுதான் கேட்டார்கள்.

செலவாகாத காசுகள்

நம் வீட்டுக்கு வருவோம். "ஒரு தம்பிடி தரமாட்டேன்", "காலணாவுக்குப் பிரயோஜனமில்லை", "சல்லிக்காசு பெறாது" என்று இன்றும் திட்டுகிறோம். தம்பிடியைக் கண்ணால் பார்த்தவர்கள் நம் வகுப்பில் எத்தனை பேர்?

அந்தக் காலத்து ரூபாய்க்கு 16 அணா. 64 காலணா. 192 தம்பிடி. 1957 ஏப்ரல் 1 அன்றுதான் ரூபாய்க்கு 100 பைசா என்ற தசம முறை வந்தது. பழைய பைசாவோடு குழம்பாமல் இருக்க "நயா பைசா" என்று பெயர் வைத்தார்கள். 1964-ல் "நயா"வை எடுத்துவிட்டார்கள்.

ஓட்டைக் காலணா என்று தாத்தா பாட்டிகள் சொல்வார்களே, அது கேலிக்குச் சொன்ன பெயர் இல்லை. 1943 முதல் 1947 வரை வந்த காலணாவில் நிஜமாகவே நடுவில் பெரிய ஓட்டை இருந்தது. இரண்டாம் உலகப்போரில் உலோகத் தட்டுப்பாடு. எனவே நடுவில் இருப்பதை எடுத்து மிச்சம் பிடித்தார்கள். எங்கோ நடந்த யுத்தம் நம் ஊர் மளிகைக் கடைச் சில்லறையில் ஓட்டை போட்டிருக்கிறது! இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, அந்த ஓட்டை வழியாக ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது வேறு.

காசு படித்தவர்கள்

இப்போது கொஞ்சம் பெரிய விஷயம். அசோகரின் பிராமி எழுத்தை 1830-களில் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப் எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? நாணயச் சாலையில்! காசியிலும் கல்கத்தாவிலும். ஒரு பக்கம் கிரேக்க எழுத்தும் மறுபக்கம் இந்திய எழுத்தும் உள்ள இந்தோ-கிரேக்க நாணயங்கள் பழைய எழுத்துகளைப் படிக்கப் பெரிய துணையாக இருந்தன.

தமிழகத்துக்கு இதைவிட நெருக்கமான கதை உண்டு. சங்க காலத்துச் சேர சோழ பாண்டியர்கள் தம் பெயர் பொறித்து நாணயம் வெளியிட்டார்களா என்பது வெகுநாள் கேள்வியாக இருந்தது. 1980-களில் "பெருவழுதி" என்று தமிழ் பிராமியில் எழுதிய செப்பு நாணயம் ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. வழுதி என்றால் பாண்டியன். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து "மாக்கோதை" என்ற பெயரும் ஒரு மனிதத் தலையும் உள்ள சேரர் வெள்ளி நாணயங்களும் வந்தன. இவற்றையெல்லாம் சேர்த்து, படித்து, உலகுக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. 2021-ல் மறைந்தார். அவர் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் அல்ல. தினமலர் ஆசிரியர். நாணயம் சேர்ப்பவர்!

யோசித்துப் பாருங்கள். கையில் கிடைத்ததை "வெள்ளி, கிராம் என்ன விலை?" என்று எடைக்குப் போட்டிருந்தால் மாக்கோதை ஒரு கொலுசுக்குள் கரைந்து போயிருப்பான். எத்தனை மாக்கோதைகள் அப்படிப் போனார்களோ, யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் முதலில் சொன்ன பெரிய நஷ்டம் இதுதான். ஒரு காசு உருகினால் காசு மட்டும் போவதில்லை, சாட்சியும் போகிறது.

பழசு என்றால் விலை உயர்ந்ததா?

சரி, விலை விலை என்று கேட்பவர்களுக்காக அதையும் பேசிவிடுவோம். எங்கள் முதலாண்டு பாடத்திலேயே பதில் இருக்கிறது: தேவையும் அளிப்பும். வயதுக்கு விலை இல்லை, கிடைக்காமைக்குத்தான் விலை.

ராஜராஜ சோழன் காலத்துச் செப்புக் காசு, ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், கூடவே நாகரி எழுத்தில் "ஸ்ரீ ராஜராஜ". ஆயிரம் வருடப் பழசு. ஆனால் ஏராளமாகக் கிடைத்திருப்பதால் சாதாரணக் காசுகளுக்குப் பெரிய விலை இல்லை. இன்னொரு பக்கம், அமெரிக்காவின் 1933-ஆம் வருட 20 டாலர் தங்க நாணயம். நூறு வயதுகூட ஆகவில்லை. 4,45,500 நாணயங்கள் அடித்தார்கள். ஆனால் அந்த வருடம் மக்களிடமிருந்தே தங்க நாணயங்களைத் திரும்பப் பெற்றதால், அடித்ததைப் புழக்கத்தில் விடாமல் உருக்கிவிட்டார்கள். தப்பிப் பிழைத்தவற்றில் தனியார் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய ஒரே நாணயம் 2021 ஜூன் மாதம் ஏலத்தில் சுமார் 1 கோடியே 89 லட்சம் டாலருக்குப் போனது. நம் பணத்தில் அன்றைக்கு ஏறத்தாழ 138 கோடி ரூபாய்.

இந்த மாதிரிச் செய்திதான் ஆபத்து. இதைப் படித்துவிட்டு, "வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய் இருந்தால் 10 லட்சம்" என்று வருகிற விளம்பரத்தையும் நம்பிவிடுகிறோம். அந்த நாணயம் 2012-ல் புழக்கத்துக்காகவே வெளியிட்டது. டீக்கடையில் கொடுத்தால் 5 ரூபாய்க்கு என்ன கிடைக்குமோ அதுதான் கிடைக்கும். ஆசையோடு அந்த எண்ணுக்குப் பேசினால் "உங்க காசை வாங்கிக்கிறோம், முதல்ல பதிவுக் கட்டணம், அப்புறம் கமிஷன், அப்புறம் வரி" என்று நம்மிடமிருந்து வசூல் ஆரம்பிக்கும். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படி ஏமாற்றியதால், "பழைய நோட்டு, நாணயம் வாங்கும் விற்கும் வேலையை நாங்கள் செய்வதில்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை" என்று 2021 ஆகஸ்டில் வங்கியே அறிக்கை விட வேண்டியதாயிற்று.

விற்பவன் வாங்குபவனிடம் பணம் வாங்குவதுதான் வியாபாரம். விற்கிறவனே முதலில் பணம் கட்ட வேண்டும் என்றால் அதற்குப் பெயர் வேறு.

காசைப் பார்க்கத் தெரிந்தால்

10 ரூபாய் நாணயக் கூத்தையும் சொல்லியாக வேண்டும். "ரூபாய்க் குறி இல்லாதது செல்லாது", "இத்தனை கோடு இருந்தால் போலி" என்று வதந்தி கிளம்பி, தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடைக்காரர்களும் கண்டக்டர்களும் வாங்க மறுத்தார்கள். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை 14 வடிவங்களில் 10 ரூபாய் நாணயம் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று விளக்கம் கொடுத்தது.

நாணயம் சேர்க்கிற ஒருவனிடம் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பான். ரூபாய்க்கான குறியே 2010-ல்தான் வந்தது. அதற்கு முன் அடித்த நாணயத்தில் அது எப்படி இருக்கும்? இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஆண்டைப் பார்க்கும் பழக்கம் போதும்.

அதே பழக்கம் இன்னொரு பாடமும் சொல்லும். 1992-ல் வந்த 5 ரூபாய் நாணயம் செம்பும் நிக்கலும் கலந்த 9 கிராம் கனம். பின்னால் வந்தவை எஃகுக்கு மாறி இளைத்துப் போயின. ஏன்? உலோகத்தின் விலை முகமதிப்பைத் தாண்டினால் காசு காணாமல் போய்விடும். 2007-ல் இந்திய நாணயங்களை வங்கதேசத்துக்குக் கடத்தி ரேசர் பிளேடு செய்கிறார்கள் என்று செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு ரூபாயில் பல பிளேடு! 2011-ஆம் வருட நாணயச் சட்டப்படி காசை உருக்குவது குற்றம். கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டும் என்ற கிரஷாம் விதியைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோம். பழைய ஐந்து ரூபாயையும் புதிய ஐந்து ரூபாயையும் உள்ளங்கையில் வைத்தால் அது தானாகவே புரிகிறது.

எங்கே தொடங்குவது?

பர்ஸிலிருந்துதான். செல்லுகிற நாணயங்களைச் சேர்ப்பதில் ஒரு வசதி, பிடிக்காவிட்டால் செலவு செய்துவிடலாம். முகமதிப்புக்குக் கீழே நஷ்டம் வராது.

ஆண்டுக்குக் கீழே பாருங்கள். சாய்சதுரம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். சின்னப் புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. நம் ஊர்க்காரர்களையும் தேடலாம். 1995-ல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த நாணயத்தில் திருவள்ளுவர் இருக்கிறார். அறிஞர் அண்ணா நூற்றாண்டுக்கு 2009-ல் வந்த 5 ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது. 2010-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கும் 5 ரூபாய் நாணயம் வந்தது.

செய்யக்கூடாதது ஒன்று: பூஜைப் பாத்திரம் போலப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல, வயது. தேய்த்தால் எழுத்தும் போகும், விலையும் போகும். விளிம்பைப் பிடித்து எடுங்கள், பி.வி.சி. உறையில் போடாதீர்கள், பச்சை பூத்துவிடும்.

செய்ய வேண்டியது ஒன்று: எங்கே, எப்போது, யாரிடமிருந்து கிடைத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஊர் தெரியாத பழங்காசு, முகவரி கிழிந்த கடிதம் மாதிரி. மண்ணைத் தோண்டும்போது கிடைத்தால் மறைக்காதீர்கள். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்டக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருடப் புதையல் சட்டமே சொல்கிறது. (காயின் கலெக்டர், மாவட்டக் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். எளிதாக நினைவிருக்கும்.) நூறு வருடம் தாண்டிய நாணயத்தை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவதும் 1972-ஆம் வருடச் சட்டப்படி கூடாது. தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கு நேர்மை என்றும் பொருள். சேர்ப்பவனுக்கு இரண்டும் வேண்டும்.

இதெல்லாம் ஏன் இப்போது அவசரம் என்றால், சில்லறை நம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. 2011 ஜூன் 30-ஓடு 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாமல் போயின. நாங்கள் டீக்கும் வடைக்கும்கூட போனை நீட்டுகிறோம். 2018-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வந்த பதிலின்படி ஒரு ரூபாய் அடிக்க 1 ரூபாய் 11 பைசா ஆகிறது. இன்னும் எத்தனை நாள் அடிப்பார்கள்? ஓட்டைக் காலணா நமக்கு எப்படியோ, ஒரு ரூபாய் நம் பேரப் பிள்ளைகளுக்கு அப்படி ஆகலாம்.

அன்றைக்கு அவர்கள், "தாத்தா, இதை வித்தா எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டால் விலையைச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால், இது எந்த ஊரில் அடித்தது, எந்த வருடம், உங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல உங்களிடம் விஷயம் இருக்க வேண்டும். சில்லறை கைக்கு வரும்போதே ஒரு நிமிஷம் திருப்பிப் பார்த்தால் போதும், அந்த விஷயம் சேர ஆரம்பித்துவிடும்.