பேசாத எண்பது ஆண்டுகள்

வீட்டில் குழாய் ஒழுகினால் அத்தொழில் அறிந்த ஒருவரை அழைக்கிறோம். அவர் வருகிறார், பழுது பார்க்கிறார், கூலியைப் பெற்றுக்கொண்டு போகிறார். அவர் எவ்வூரினர், வாழ்வில் என்னென்ன கண்டவர் என்று நாம் கேட்பதில்லை. இங்கிலாந்தில் சாமர்செட் பகுதி மக்களும் ஹாரி பேட்ச் என்ற குழாய்த் தொழிலாளியை நெடுங்காலம் அவ்வாறே அறிந்திருந்தனர்.

1898 ஜூன் 17ஆம் நாள் பாத் நகரை அடுத்த கூம் டவுன் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் கல்தச்சர். பதினைந்தாம் வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது. குழாய்த் தொழில் பயிலச் சேர்ந்தார். 1916இல் கட்டாயச் சேவைச் சட்டம் அவரைப் பட்டாளத்திற்கு அழைத்தது. அவர் விரும்பிப் போனவர் அல்லர்.

மறு ஆண்டு பெல்ஜியத்தில், ஈப்பர் நகருக்கு அருகே, பாசெண்டேல் போர்க்களத்தின் சேற்றில் நின்றார். இயந்திரத் துப்பாக்கி ஒன்றை இயக்கும் ஐவருள் அவரும் ஒருவர். கூடுமானவரை எவரையும் கொல்வதில்லை, காலைப் பார்த்தே சுடுவது என அந்த ஐவரும் தமக்குள் உறுதி செய்துகொண்டிருந்தனர். துப்பாக்கி முனையில் கத்தி செருகி ஒரு ஜெர்மானிய வீரன் பாய்ந்து வந்தபோதும், பேட்ச் அவனுடைய தோளிலும் காலிலுமே சுட்டார், உயிரைப் பறிக்கவில்லை. போர்க்களத்திலும் மனிதனாய் நிற்க முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1917 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, தலைக்கு மேல் வெடித்த குண்டொன்று அக்குழுவில் மூவரை மாய்த்தது. படுகாயமுற்ற பேட்ச் பிழைத்தார். அன்று முதல் அந்த நாளே அவருக்கு நினைவு நாளாயிற்று.

1919இல் மணம் புரிந்தார். இரு புதல்வர்க்குத் தந்தையானார். மீண்டும் குழாய்த் தொழிலையே மேற்கொண்டார். பிரிஸ்டல் நகரில் இன்றும் உயர்ந்து நிற்கும் வில்ஸ் நினைவு மாளிகையின் கட்டுமானத்தில் நான்காண்டுகள் உழைத்தார். இரண்டாம் உலகப் போரில் பாத் நகரின்மீது குண்டு விழுந்தபோது, தீயணைப்புப் படையில் பகுதிநேரத் தொண்டராக நின்றார். 65ஆம் வயதில் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார்.

இத்தனை காலமும் போரைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. போர்ப் படங்களைப் பார்ப்பதும் இல்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி அதைப் பற்றி ஒரு சொல்லும் கேளாமலே 1976இல் மறைந்தார். 1998இல், தம் நூறாம் வயதில்தான், அவர் முதன்முதலாகப் பேசினார். 2004இல், அதே களத்தில் எதிரணியில் நின்ற சார்ல்ஸ் குயென்ட்ஸ் என்ற முதியவரைச் சந்தித்துக் கை குலுக்கினார்.

2009 ஜூலை 25ஆம் நாள், 111ஆம் வயதில் பேட்ச் காலமானார். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் நின்று போரிட்டவருள் எஞ்சியிருந்த கடைசி மனிதர் அவரே. அவர் விரும்பியவாறே வெல்ஸ் பேராலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் ஆயுதம் ஏதும் இடம்பெறவில்லை. ஜெர்மானியப் படைவீரரும் சவப்பெட்டியுடன் நடந்து சென்றனர்.

இக்கதை நமக்கு அந்நியமானதன்று. அப்போரில் இந்தியாவிலிருந்து சென்றோர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஈப்பர் நகரின் மெனின் வாயிலில் இந்திய வீரர் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. பின்வந்த போர்களில் பணியாற்றித் திரும்பி, கடையோ பட்டறையோ வைத்து மக்களை ஆளாக்கிய பெரியவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. சுவரில் அவர்களது சீருடைப் படம் தொங்கும். அதைப் பற்றி எவரும் கேட்டிரார். அவர்கள் பேசாமலிருப்பதால் எல்லாம் மறந்துவிட்டார்கள் என்று எண்ணிவிடுகிறோம். பேசாமை வேறு, மறதி வேறு என்பதை பேட்ச் நமக்குக் காட்டிச் சென்றார்.

பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்த நாம், ஆண்டுக்கு ஒருமுறைதான் அப்பெரியவர்களைக் காண்கிறோம். வருகிற விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, குழந்தைகளுடன் ஒருநாள் மாலை அவர்கள் அருகே அமருங்கள். சொல்லுமாறு வற்புறுத்த வேண்டா. கேட்க ஆள் இருக்கிறது என்று அவர்கள் அறிந்தால் போதும். நூறு வயது வரை காத்திருக்கும் பேறு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை.