எஞ்சினை மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

சேலம் அஸ்தம்பட்டியைத் தாண்டி ஏற்காட்டுக்குப் போகும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சமவெளியில் ஒழுங்காக ஓடிய பழைய பெட்ரோல் கார் ஒன்று அந்த ஏற்றத்தில் திணறி, நீலப் புகை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். "எஞ்சின் போய்விட்டது, வேறு மாற்றுங்கள்" என்பார்கள் பார்ப்பவர்கள். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது பல மாத வருமானம். அளந்து பார்க்காமல் அவர் முடிவெடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

நீலப் புகை, மசகெண்ணெய் எரிவதை மட்டுமே காட்டும். அது வந்த வழியைக் காட்டாது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து எண்ணெய் கீழிருந்து ஏறியிருக்கலாம். வால்வு சீல் கெட்டு மேலிருந்தும் இறங்கியிருக்கலாம். முன்னதற்குச் செலவு அதிகம், பின்னதற்குக் குறைவு.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றுவார்கள். அழுத்தம் குறைந்திருந்தால், சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளப்பார்கள். இப்போது அழுத்தம் உயர்ந்தால், எண்ணெய் இடைவெளியை அடைத்திருக்கிறது என்று பொருள். ஆகவே தேய்ந்தது வளையமோ சிலிண்டர் சுவரோதான். உயராவிட்டால் வால்வையும் காஸ்கெட்டையும் பார்க்க வேண்டும்.

சிலிண்டர் மிகுதியாகத் தேய்வது அதன் மேல் பகுதியில். பிஸ்டன் அங்கே ஒரு கணம் நின்று திரும்புகிறது. அழுத்தமும் வெப்பமும் அங்கே அதிகம். எண்ணெய்ப் படலமோ மெல்லியது. தேய்மானத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளந்தபின், 0.25 அல்லது 0.50 மி.மீ. கூடுதலாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடலாம். பட்டறையில் இதை 'ரீபோர்' என்பார்கள். அதற்கும் மிஞ்சிய தேய்மானமானால் புதிய 'ஸ்லீவ்' இறக்கலாம்.

"புதிது போட்டால் கவலையில்லையே?" என்று கேட்பீர்கள். அம்பாஸிடர் கார் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அத்தகைய வண்டிக்குப் பெரும்பாலும் பழைய எஞ்சின்தான் கிடைக்கும். அதன் தேய்மானத்தை யார் அளந்தார்கள்? மேலும், ஒரு வார்ப்பிரும்பு பிளாக்கை வார்க்க இரும்பை 1,200 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாக்கி உருக்க வேண்டும். நல்ல பிளாக்கைத் தூக்கியெறிந்தால் அவ்வளவு எரிபொருளும் வீண்.

பிளாக் விரிசல் கண்டிருந்தாலோ, பழுதுச் செலவு மாற்றும் செலவை எட்டினாலோ தயங்காமல் மாற்றட்டும். எஞ்சின் எண் பதிவுச் சான்றிதழில் இருப்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் அதைத் தெரிவிக்க வேண்டும்.

உங்கள் வீட்டு வண்டி புகை விட்டால் மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள்: "அண்ணே, அழுத்தம் எவ்வளவு காட்டுகிறது?"