'வினாடிக்கு' என்ற சொல்லைக் காணவில்லை

ஆடிக் கடைசியில் ஒரு நாள் காலை, வழக்கமான டீக்கடையில் பேப்பரைப் பிரித்தேன். "பவானிசாகர் அணையிலிருந்து 2,300 கன அடி தண்ணீர் திறப்பு" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. பக்கத்தில் இருந்த நண்பரிடம், "இது தப்பு" என்றேன். "ஏனுங்க, திறக்கலையா?" என்றார். திறந்திருக்கிறார்கள். ஆனால் 2,300 கன அடி தண்ணீர் திறக்கவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில், ரிட்டயர்டு ஆனபின் மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்ற எண்ணம் தெரிந்தது. அவருக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கன அடி என்பது ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள பெட்டி கொள்ளும் தண்ணீர். ஏறத்தாழ 28.3 லிட்டர். அப்படியானால் 2,300 கன அடி என்பது சுமார் 65,000 லிட்டர். நம் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஐந்தரை லாரி. இதைத் திறக்க ஓர் அணை எதற்கு? ஒரு கல்யாண மண்டபத்துக்கே காணாது.

அரசாணையில் இருப்பது வேறு. கீழ்பவானிக் கால்வாயின் முதல்போகப் பாசனத்துக்கு, "வினாடிக்கு 2,300 கன அடி வீதம், 120 நாட்களுக்கு, 23,846.40 மில்லியன் கன அடிக்கு மிகாமல்" என்று எழுதுவார்கள். மூன்று விஷயமும் இருக்கிறது பாருங்கள்: வேகம், காலம், மொத்தம். பெருக்கிப் பார்த்தால் ஒரு பைசா பிசகாது. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. அதை 2,300-ஆலும் 120-ஆலும் பெருக்குங்கள், அதே 23,846.40 மில்லியன் வந்து நிற்கும். அந்த வாக்கியத்தை எழுதிய குமாஸ்தா யாரோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்கவேண்டும். நானும் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் சொல்லவில்லை. அந்த வாக்கியம் செய்தியாளர் கைக்குப் போய், அங்கிருந்து தலைப்பு எழுதுபவர் மேசைக்குப் போகிற வழியில் 'வினாடிக்கு' உதிர்ந்துவிடுகிறது. பிறகு 'வீதம்' உதிர்கிறது. டி.வி.யில் கீழே ஓடுகிற வரியில் எண் மட்டும்தான் மிச்சம்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார், எதுக்கு ஒவ்வொரு தடவையும் எழுதணும்?" என்று கேட்பீர்கள். எல்லாருக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

எண்பதுகளில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குக் காங்கயம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கடைமடை விவசாயி. நாலாக மடித்த பேப்பர் துண்டு ஒன்று வேட்டி மடிப்பில் இருந்தது. விரித்து மேசைமேல் வைத்தார். "ஏனுங்க சார், லட்சத்து மூவாயிரத்தைநூறு ஏக்கராவுக்குத் தண்ணி உடறமுன்னு போட்டிருக்கறீங்க. 2,300 கன அடி உட்டோமுன்னும் போட்டிருக்கறீங்க. ஏக்கராவுக்கு ஒரு சொம்புத் தண்ணிகூட வல்லீங்களே. யாருங்க மீதியக் குடிக்கறது?" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மேலதிகாரி, "பெருசு, அது செகண்டுக்கு. போய்ட்டு வா" என்று அனுப்பிவிட்டார். நானும் சிரித்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 2,300 கன அடியை 1,03,500 ஏக்கருக்குப் பிரித்தால் ஏக்கருக்கு முக்கால் லிட்டர்கூட இல்லை. பெரியவர் கணக்கு சரி. அவர் கையில் இருந்த வாக்கியம்தான் தப்பு. தப்பான வாக்கியத்தை அச்சிட்டவர்கள் யாரும் கூசவில்லை. சரியாகக் கணக்குப் போட்டவர்தான் அன்று தலைகுனிந்து படியிறங்கிப் போனார்.

அவரிடம் முழு வாக்கியத்தைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1,03,500-ஐ 2,300-ஆல் வகுத்தால் மிகச் சரியாக 45. வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஓடுகிற தண்ணீர் 45 ஏக்கருக்குப் பொறுப்பு. அந்த ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி, அதாவது இரண்டு ஏக்கரில் ஏறக்குறைய ஓர் அடி உயரம் நிற்கிற தண்ணீர். இதை வைத்துக்கொண்டு தன் மடையில் வருவது நியாயமான பங்கா, வழியில் எங்கேயாவது குறைகிறதா என்று அவரே கேட்டிருப்பார். அதிகாரியால் "போய்ட்டு வா" என்று சொல்லியிருக்க முடியாது. ஒரு சொல் விட்டுப்போனதில் அவருக்குப் போனது அந்தக் கேள்விதான்.

இதில் எனக்கு மட்டும் ஏன் இத்தனை கோபம் என்றால், காரணம் என் பள்ளிக்கூடம். அறுபதுகளில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். (அப்பா போனபிறகு அம்மாவின் ஊரான உடுமலைக்கு வந்துசேர்ந்தது தனிக்கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.) அங்கே 'ரொபினே' கணக்கு என்று ஒன்று உண்டு. குளியல் தொட்டியில் ஒரு குழாய் தண்ணீரை நிரப்பும், அடியில் ஒரு ஓட்டை ஒழுகும், எத்தனை நிமிடத்தில் நிறையும்? எங்கள் வகுப்பில் ஒருவனும் குளியல் தொட்டியைப் பார்த்ததில்லை. எல்லாரும் கிணற்றடியில் குளித்தவர்கள். ஆனால் தொட்டியில் இருப்பது 'வொலூம்', குழாயில் வருவது 'தெபி', இரண்டும் ஒன்றல்ல என்பது பத்து வயதில் மண்டையில் ஏறிவிட்டது. 'தெபி'யை வெறும் லிட்டரில் எழுதினால் வாத்தியார் விடையைத் திருத்தக்கூட மாட்டார், நோட்டை அப்படியே திருப்பித் தள்ளிவிடுவார். கொள்ளளவு என்றும் நீரோட்டம் என்றும் தமிழில் அழகாகச் சொல்லலாம். சொல் இல்லாமலா இருக்கிறோம்?

சொல் இல்லை என்ற சாக்கு நம் பகுதிக்காரர்கள் சொல்லவே கூடாது. 1916-லேயே சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களுக்காகவே ஒரு சங்கம் வைத்துப் பத்திரிகை நடத்தினார்கள். தமிழில் கலைக்களஞ்சியம் வந்தபோது அதன் முதன்மை ஆசிரியர் நம் ஈரோட்டுப் பக்கத்துப் பெரியசாமித் தூரன். 1960-ல் தமிழ்வழிப் பட்டப்படிப்பைச் சோதித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்த இடம் கோவை அரசு கலைக்கல்லூரி. அத்தனை பேர் உழைத்துச் செய்துவைத்த சொற்களில் 'வீதம்' என்ற பழைய எளிய சொல்லைக்கூட நாம் பயன்படுத்துவதில்லை.

நம் ஜனங்களுக்கு விஷயம் புரியாது என்றும் சொல்லமுடியாது. என் மாமனார் வீட்டில் பங்குக் கிணறு. எட்டு நாளில் ஒன்றரை நாள் அவர்கள் முறை. யார் எத்தனை மணிக்கு மோட்டாரை நிறுத்தவேண்டும் என்பதில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கிறது. ஓட்டம் ஒன்று, நேரம் ஒன்று, இரண்டையும் பெருக்கினால்தான் தண்ணீர் என்பது எழுதப் படிக்கத் தெரியாத என் மாமியாருக்கும் தெரியும். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் திருமூர்த்தி அணைக்குக் கீழே நிலங்களை நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்து விடுவதும் இதே கணக்கில்தான். இன்னொன்று. இந்த ஊர் பம்ப்செட்டுக்குப் பேர்போன ஊர். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் உயரத்துக்கு என்று பார்க்காமல் யாராவது பம்ப் வாங்குவார்களா? தகட்டில் வெறும் "500 லிட்டர்" என்று அடித்துக்கொடுத்தால் கடைக்காரர் தலையிலேயே போட்டுவிட்டு வருவோம். அணைக்கு மட்டும் அந்தத் தகடு வேண்டாமாம்.

டி.எம்.சி. கதை இதைவிட மோசம். ஆயிரம் மில்லியன் கன... கன என்ன? கன கெஜமா, கன மீட்டரா? அடி என்பது பெயரிலேயே இல்லை. இரண்டு மாநிலங்கள் நீதிமன்றம் வரை போய்ச் சண்டைபோடுகிற அளவையின் பெயர் பாதியில் நிற்கிறது. பள்ளியில் நாங்கள் ஆயிரம் மில்லியனை 'மில்லியார்' என்போம். பில்லியன் என்றால் எங்களுக்கு லட்சம் கோடி. இங்கே வந்து பார்த்தால் பில்லியன் என்பது நூறு கோடி! எண்ணின் பெயரே கடல் தாண்டினால் மாறும்போது தமிழில் "100 கோடி கன அடி" என்று எழுதுவதில் என்ன கஷ்டம்? யாருக்கும் குழப்பமில்லை. அணையில் வினாடிக்கு 2,300 கன அடி வீதம் ஐந்து நாள் திறந்தால் ஏறக்குறைய ஒரு டி.எம்.சி. காலி என்றும் அப்போது சுலபமாகப் புரியும்.

அடி என்றதும் நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சு ராஜாவின் அடி இங்கிலீஷ்காரன் அடியைவிடச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளம். ஊருக்கு ஓர் அடி, சந்தைக்கு ஒரு படி என்று இருந்த வியாபாரம் சலித்துப்போய்த்தான் புரட்சிக்காலத்தில் மீட்டரைக் கொண்டுவந்தார்கள். அதையும் அப்படியே விட்டுவிடவில்லை. உலோகக் கம்பியில் இருந்த மீட்டரை 1983-ல் ஒளியின் வேகத்தில் கட்டிவைத்தார்கள், வினாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று கடைசி இலக்கம் வரை. நாமும் 1956-லேயே மெட்ரிக் முறைக்குச் சட்டம் போட்டுவிட்டோம். அணை மட்டும் இன்னும் அடியில் நிற்கிறது. நிற்கட்டும், அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. எந்த அளவில் சொன்னாலும் முழுதாகச் சொல்லுங்கள் என்பதே என் கட்சி.

நீர்மட்டத்தையும் விடமுடியவில்லை. பவானிசாகரின் முழு மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. "நீர்மட்டம் 52 அடி" என்றதும் டீக்கடையில், "பாதி டேம் ரொம்பிடுச்சு" என்கிறார்கள். அணை என்பது டிரம் இல்லை. அடியில் குறுகி மேலே விரிந்த வடச்சட்டி. பாதி உயரத்தில் கால் பங்குத் தண்ணீர்கூட இருக்காது. மட்டத்தோடு இருப்பையும் சேர்த்து அச்சிட்டால் அந்தச் சந்தோஷம் வராது, ஏமாற்றமும் வராது. மழைக்கும் இதே கதிதான். "கோவையில் 7 செ.மீ. மழை" என்றால் காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை பெய்தது. அந்த எட்டரை யார் கண்ணிலும் படுவதில்லை. மின்சாரத்தை எடுத்தால் கிலோவாட்டும் யூனிட்டும் ஒன்றென்று சோலார் விற்க வருகிற பையன் என்னிடமே சாதிக்கிறான். ஒன்று வேகம், ஒன்று மொத்தம், மறுபடியும் அதே குளியல் தொட்டிதான்.

வட்டிக்கு விடுபவர் "ரெண்டு ரூவா வட்டி" என்று சுருக்கமாகத்தானே சொல்கிறார், நூற்றுக்கு, மாதத்துக்கு என்று விரித்தா சொல்கிறார் என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. பேங்கில் 12 என்றால் வருஷத்துக்கு, இவரிடம் 2 என்றால் மாதத்துக்கு. "பன்னெண்டவிட ரெண்டு கம்மிதானே" என்று போய் விழுந்து, வருஷத்துக்கு 24 கட்டி நிலத்தை விற்றவர்கள் நம் ஊரில் இல்லையா? சொல்லாமல் விட்ட சொல்லில் யாருக்கு லாபம் என்று பார்த்தால், எப்போதும் அது கேட்பவருக்கு இருந்ததில்லை.

இதையெல்லாம் சுருக்கி ஒரு நாளிதழுக்கு மூன்று முறை கடிதம் எழுதினேன். இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு ஓர் உதவியாசிரியர் மரியாதையாகவே போன் செய்தார். "ஐயா சொல்றது சரிதானுங்க. உள்ளே செய்தியில போட்டுடறோம். ஆனா தலைப்புல இடம் பத்தாதுங்க" என்றார். 'வினாடிக்கு' ஐந்தே எழுத்து. மறுநாள் பேப்பரைப் பார்த்தேன். "பவானிசாகர் நீர்மட்டம் கிடுகிடு உயர்வு" என்று இருந்தது. கிடுகிடுவுக்கு இடம் இருந்தது.